கைக்கு எட்டும் கொடி

இன்றைய பேச்சு வீட்டுப் புரையிடத்தைப் பற்றியது. அதிலும் கொடிகளைப் பற்றியது. எந்தக் கொடியைத் தேர்ந்தெடுப்பது? எதன்மேல் படர விடுவது? எப்படி வளைப்பது? எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது? இவைதான் பேச்சு.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ரயிலில் போகிறவர்கள் தனுவச்சபுரத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு தென்னை நிற்கும். பிலா நிற்கும். அயினி நிற்கும். நடுவில் வாழை, மரச்சீனி. பெரிய தோட்டங்கள் குறைவு. சிறு புரையிடங்கள் அதிகம்.

இந்தச் சிறு புரையிடங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அது ஓர் உரிமை கொடுத்தது. பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை வீட்டு மனையைச் சொந்தமாக வாங்கிக் கொள்ளலாம். அந்தப் பத்து சென்ட் பிறகு பிள்ளைகளுக்குப் பிரிந்தது. இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஐந்து சென்ட். அதில் வீடு, கிணறு, கழிப்பறை, நடைபாதை போக மிச்சம் எவ்வளவு?

நிலம் பக்கவாட்டில் வளராது. ஆனால் மேலே இடம் இருக்கிறது. மரத்தின் உடம்பு இருக்கிறது. வேலி இருக்கிறது. சுவர் ஓரம் இருக்கிறது. அங்கெல்லாம் கொடி ஏற்றலாம்.

ஆனால் ஒரு கேள்வி. மரம் முழுக்க நல்லமிளகு காய்த்துக் கிடக்கிறது. நாற்பது அடி உயரத்தில் கிடக்கிறது. வீட்டில் மரம் ஏறும் ஆள் இல்லை. ஏறுகிறவருக்குக் கூலி கொடுத்தால் கையில் மிஞ்சுவது குறைவு. கூலிக்கு ஆள் கிடைக்காவிட்டால் மிளகு பழுத்து உதிரும். அவசரத்துக்கு ஏறிக் கால் வழுக்கி விழுந்தால் அதைவிடப் பெரிய நஷ்டம். எட்டாத மிளகு யாருக்கு?

ஆகவே கொடியைக் கைக்கு எட்டும்படி, ஏணிக்கு எட்டும்படி பழக்க வேண்டும்.

சுவரில் வளர்த்த பழமரம்

செடியை வளைத்துப் பழக்குவது உலகம் முழுவதும் உள்ள வேலை. பிரான்சு நாட்டில் பாரிசுக்கு அருகே வெர்சாய் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பதினான்காம் லூயி மன்னருக்காக 1678 முதல் 1683 வரை ஒரு பெரிய காய்கறி, பழத் தோட்டம் அமைத்தார்கள். லா கேந்தினி என்பவர் அதை அமைத்தார். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. பேரி, ஆப்பிள் மரங்களைச் சுவரோடு சுவராக, விசிறி போலவும் ஏணி போலவும் தட்டையாக வளர்க்கிறார்கள். நடுத்தண்டு நேராக நிற்கும். கிளைகளை இடமும் வலமுமாகக் கம்பியில் படுக்க வைத்துக் கட்டுவார்கள்.

ஏன் சுவரில் வளர்த்தார்கள்? அது குளிர் நாடு. பகலில் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் அந்தச் சூட்டை மரத்துக்குக் கொடுக்கும். பழம் நன்றாகப் பழுக்கும்.

இங்கே அதே வேலையை அப்படியே செய்தால் என்ன ஆகும்? மேற்குப் பார்த்த சுவர் மாலையில் அடுப்புக் கல் போலச் சுடும். கொடி கருகும். அங்கே சுவர் துணை. இங்கே அதே சுவர் பகை. ஆகவே அவர்களுடைய சுவரை விட்டுவிடலாம். அவர்கள் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அது என்ன? நேராக மேலே போகும் நுனி, கீழே உள்ள மொட்டுகளைத் தூங்க வைக்கும். அந்த நுனியைச் சாய்த்தால் அல்லது கிள்ளினால், தூங்கிய மொட்டுகள் விழிக்கும். பக்கக்கிளைகள் வரும். காய் கூடும். இது ஆப்பிளுக்கும் பொருந்தும், நல்லமிளகுக்கும் பொருந்தும்.

கொடிக்குக் கொடி பிடி வேறு

பாரி மன்னர் முல்லைக்குத் தேர் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும் என்பது அந்தக் கதை. ஆனால் எந்தக் கொடிக்கு எந்தக் கொம்பு? அதைத் தெரிந்துகொள்ள, கொடி எப்படிப் பற்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

நல்லமிளகும் வெற்றிலையும் கணுவில் வேர் விட்டுப் பற்றும். அவற்றுக்குச் சொரசொரப்பான மரப்பட்டை வேண்டும்.

பாகல், புடல், கோவை, பேஷன் பழம் ஆகியவை சுருள் கம்பி போன்ற பற்றுக்கம்பியால் பிடிக்கும். அவற்றுக்கு மெல்லிய கயிறு, கம்பி, சுள்ளி வேண்டும். தடித்த மரத்தைக் கொடுத்தால் பிடிக்க முடியாமல் சரியும்.

வள்ளிப்பயறும் காச்சில் கிழங்கும் சுற்றிச் சுற்றி ஏறும். அவற்றுக்கு ஒரு கம்பு போதும்.

பிச்சியும் முல்லையும் சாய்ந்து படரும். அவற்றைக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

முதலில் கொடியின் கையைப் பாருங்கள். பிறகு கொம்பு தேடுங்கள்.

ஒரு கொடியில் மூன்று கொடி

இனி நல்லமிளகுக்கு வருவோம். இந்தப் பகுதிப் புரையிடத்துக்குப் பொருத்தமான கொடி அதுதான். மரம் நிற்கும் இடத்திலேயே நிற்கும். தனி நிலம் கேட்காது.

ஒரு மிளகுக் கொடியில் மூன்று வகைத் தண்டு உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது ஓடுகொடி. கொடியின் அடியில் தோன்றித் தரையில் ஓடும். மலையாளத்தில் செந்தலை என்பார்கள். நடுவதற்குப் பெரும்பாலும் எடுப்பது இதைத்தான்.

இரண்டாவது ஏறுகொடி. மரத்தைப் பற்றி மேலே போகும். இதை வெட்டி நட்டால் சீக்கிரம் காய்க்கும். ஆனால் வெட்டினால் தாய்க்கொடிக்கு நஷ்டம்.

மூன்றாவது பக்கக்கிளை. ஏறுகொடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மரத்தைப் பற்றாது. மிளகுத் திரி வருவது இதில்தான். இதை வெட்டி நட்டால் அது மரம் ஏறாது. சட்டியில் புதராகவே நின்று காய்க்கும்.

பாருங்கள், ஒரே தாய்க்கொடிதான். எந்தத் தண்டை வெட்டுகிறோமோ அதன்படி பிள்ளை வளர்கிறது. செடியைப் பழக்கும் வேலை, நடுவதற்கு முன்னால் வெட்டுக்கத்தியில் தொடங்குகிறது.

தாய்க்கொடி எப்படி இருக்க வேண்டும்? ஐந்து வயதுக்கு மேல், பன்னிரண்டு வயதுக்குள் இருக்கலாம். ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பதாக இருக்க வேண்டும். நோய் இல்லாததாக இருக்க வேண்டும். அதன் ஓடுகொடிகளைத் தரையில் வேர்விட விடாமல், பக்கத்தில் ஒரு சிறு குச்சி நட்டுச் சுருட்டிக் கட்டி வையுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதத்தில் வெட்டி எடுங்கள். இளநுனியும் வேண்டாம், முற்றிய அடியும் வேண்டாம். நடுப்பகுதி நல்லது. இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, மண்ணும் மணலும் சாணிப்பொடியும் கலந்து நிரப்பிய பையில் நடுங்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். நிழலில் வைத்து நனையுங்கள். மழை தொடங்கும்போது கன்று தயார்.

எந்த இனம்?

1971-இல் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பன்னியூர்-1 என்ற கலப்பின மிளகு வெளிவந்தது. உதிரங்கொட்டை என்ற இனத்தையும் செறியகாணியக்காடன் என்ற இனத்தையும் சேர்த்து உண்டாக்கியது. திரி நீளம். மணி பெரிது. பெயரைக் கேட்டதும் எல்லோரும் அதையே தேடுவார்கள். ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். தென்னையும் பிலாவும் நெருங்கி நிற்கும் நிழலில் அது நன்றாகக் காய்க்காது.

கரிமுண்டா பழைய நாட்டினம். நிழலைத் தாங்கும். பன்னியூர்-5 என்ற இனமும் கமுகுக்கும் தென்னைக்கும் நடுவில் பொருந்தும். ஆகவே பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். முதலில் வீட்டின் நிழலைப் பாருங்கள். வெளிச்சமான வேலி ஓரத்துக்கு ஓர் இனம், மர நிழலுக்கு வேறு இனம் என்று கலந்து நடுவது நல்லது.

எந்த மரம்?

பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும். பட்டை உரியும் மரம் ஆகாது. கொய்யாவில் ஏற்றினால் பட்டை உரியும்போது கொடியின் பிடியும் போகும். பிலா, அயினி, மா, தென்னை, கமுகு எல்லாம் கொடியைத் தாங்கும்.

முன்பு முருக்கு மரத்தையே அதிகம் நம்பினார்கள். கம்பு ஒடித்து நட்டால் போதும், வேகமாக வளரும். ஆனால் ஒரு சிறு குளவி வந்தது. விஞ்ஞானிகள் அதை 2004-இல்தான் பெயரிட்டு விவரித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது கேரளத்து முருக்கு மரங்களைத் தாக்கியது. இலையிலும் தளிரிலும் முடிச்சு முடிச்சாக வீக்கம் வந்தது. மரங்கள் பட்டன. மரம் விழுந்தால் கொடியும் விழும். பல ஆண்டு உழைப்பு ஒரே பருவத்தில் தரையில் கிடக்கும்.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. எல்லாக் கொடியையும் ஒரே வகை மரத்தில் ஏற்றக் கூடாது. நாலு கொடி இருந்தால் ஒன்று பிலாவில், ஒன்று அயினியில், ஒன்று கமுகில், ஒன்று சீமைக்கொன்னையில் ஏற்றலாம். சீமைக்கொன்னையும் கம்பு நட்டாலே வளரும். அதன் தழை நல்ல உரம்.

எந்தப் பக்கம்?

மரத்தின் வடக்குப் பக்கம் நடுங்கள். ஏன் வடக்கு? டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்குப் பக்கம் நட்ட இளங்கொடி காயும். வடக்குப் பக்கம் நட்டால் மரத்தின் உடம்பே குடை பிடிக்கும்.

மரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் அதிகமான நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணும் சாணமும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் தேங்காதபடி மேடாக்குங்கள். தென்னை, கமுகு என்றால் வேர் நெருக்கம் அதிகம். இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டு, ஒரு சாய்ந்த கம்பு வைத்து மரத்துக்கு வழிகாட்டலாம்.

எப்போது நடுவது? இடவப்பாதி மழை பிடித்த பின்பு. திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது ஜூன் 22 முதல் ஜூலை முதல் வாரம் வரை, மிளகு நடச் சிறந்த காலம் என்று பழைய விவசாயிகள் சொல்வார்கள். அதற்கு ஒரு கதையும் உண்டு. வெளிநாட்டு வியாபாரிகள் மிளகுக் கொடியைக் கொண்டுபோகிறார்கள் என்று கோழிக்கோட்டுச் சாமூதிரி ராஜாவிடம் போய் முறையிட்டார்களாம். கொடியைத்தானே கொண்டுபோவார்கள், நம்முடைய ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று அவர் கேட்டாராம். கதை எப்படியோ, மழையின் அருமை உண்மை.

கட்டுவதும் வளைப்பதும்

கொடி வளர வளர மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கணு பட்டையைத் தொட வேண்டும். தொட்டால்தான் வேர் பற்றும். காற்றில் ஆடினால் பற்றாது. வாழைநார் போதும். கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் வேண்டாம். தண்டு தடிக்கும்போது அவை கழுத்தை அறுக்கும். வாழைநார் தானே மட்கி விழும்.

ஒற்றைத் தண்டாக மேலே போகும் கொடியை அப்படியே விட்டால் கீழ்ப்பக்கம் மொட்டையாக இருக்கும். உச்சியில்தான் காய்க்கும். அதற்கு ஒரு வழி உண்டு. சில இடங்களில் கொடி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வளர்ந்த பின், மழைக்காலத்தில் மெதுவாக மரத்திலிருந்து பிரித்து இறக்குவார்கள். மரத்தின் அடியில் ஆழமில்லாத வட்டக் குழி எடுப்பார்கள். கொடியை அதில் வளையமாகப் படுக்க வைத்து, நுனியை மட்டும் மறுபடி மரத்தில் கட்டுவார்கள். மேலே மண் போடுவார்கள். படுத்த தண்டின் கணுக்களிலிருந்து புதுத் தண்டுகள் எழும். ஒரு கொடி நாலைந்து கொடியாகி, மரத்தைச் சுற்றிப் போர்வை போல மூடும். அடியிலிருந்தே காய்க்கும். வெர்சாய்த் தோட்டத்தில் கிளையைப் படுக்க வைப்பதும் இங்கே கொடியைப் படுக்க வைப்பதும் ஒரே காரியந்தான்.

இதை இளங்கொடியில்தான் செய்ய வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. முற்றிய கொடியை இறக்கினால் ஒடியும்.

வேண்டிய உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அந்த உயரத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார்? பறிக்கப் போகிறவர்தான். வீட்டிலுள்ள ஏணி எட்டும் உயரம் எதுவோ அதுவே கொடியின் உயரம். நட்டு வளர்க்கும் கொம்பாக இருந்தால் அதன் தலையையும் அந்த அளவில் வெட்டி நிறுத்துங்கள். மழைக்கு முன்பு கிளை கழித்து வெளிச்சம் விடுங்கள்.

மழைக்கால எதிரி

மிளகுக்குப் பெரிய பகை வாட்டநோய். நன்றாக நின்ற கொடி சில நாளில் இலை உதிர்ந்து படும். மழைக்காலத்தில், ஈர மண்ணிலிருந்து கிளம்பும் நோய் இது. ஆகவே மண்ணோடு கொடிக்கு வேண்டாத தொடர்பைக் குறைக்க வேண்டும். தரையில் கிடக்கும் ஓடுகொடிகளைக் கட்டி உயர்த்துங்கள் அல்லது வெட்டி விடுங்கள். அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மண்வெட்டியால் வேரைக் காயப்படுத்தாதீர்கள். பட்ட கொடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள்.

மழைக்கு முன்பு ஒரு முறை, ஆகஸ்டு, செப்டம்பரில் ஒரு முறை போர்டோ கலவை தெளிக்கலாம். பத்து லிட்டருக்கு நூறு கிராம் துரிசு, நூறு கிராம் நீற்றாத சுண்ணாம்பு. தனித்தனியாக ஐந்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். துரிசு விஷம். முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

மரமே இல்லாத வீட்டுக்கு

"அக்கா, என் வீடு மூன்று சென்ட். ஒரு மரமும் இல்லை. நான் என்ன செய்ய?" என்று ஒரு தங்கச்சி கேட்கலாம். அவருக்கும் வழி உண்டு.

காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி, நிழலில் வேர்விட வைத்துச் சட்டியில் நட்டால் புதர்மிளகு. வேர்விடக் கொஞ்சம் தாமதமாகும். பொறுமை வேண்டும். திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தபடியே பறிக்கலாம். அடியில் ஓடுகொடி தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுங்கள். தோட்ட ஆராய்ச்சியாளர்கள் பிரேசில் திப்பிலியின் அடித்தண்டில் மிளகை ஒட்டுக்கட்டியும் கொடுக்கிறார்கள். அந்த வேர் வாட்டநோயைத் தாங்கும்.

சுவர் ஓரத்தையும் விட வேண்டாம். காலை வெயில் படும் கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கமுகு வாரியால் தட்டி கட்டுங்கள். அந்த இடைவெளியில் காற்று போகும். சுவர்ச் சூடு கொடியில் ஏறாது. ஈரம் சுவரில் தங்காது. அந்தத் தட்டியில் கோவை படர விடலாம். கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதை போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. நன்றாகக் காய்க்கும் கொடியின் தண்டை வெட்டி நடுங்கள். பேஷன் பழமும் படர்த்தலாம். அது புதுத் தளிரில்தான் காய்க்கும். ஆகவே பழம் முடிந்ததும் பழைய கிளையைக் கழிக்க வேண்டும். மஞ்சள் பழ இனம் சமவெளிக்கு ஏற்றது. ஆனால் அது தனிக்கொடியாக நின்றால் பழம் பிடிக்காது. வேறு வேறு தாயிலிருந்து வந்த இரண்டு கொடி வேண்டும். பக்கத்து வீட்டில் ஒன்று, இந்த வீட்டில் ஒன்று இருந்தாலும் போதும். பெரிய கருவண்டு மகரந்தம் கொண்டுவரும்.

நாளைக்கே தொடங்கலாம்

நாளைக் காலையில் ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே நிழல், எங்கே வெயில், எந்த மரத்தின் வடக்குப் பக்கம் காலியாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பஞ்சாயத்துக் கிருஷி பவனுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். "ஒரு மிளகுக் கன்று தாருங்கள்" என்று கேட்பதை விட, "என் பிலா மரத்தடியில் நிழல் அதிகம், அதற்கு ஏற்ற கன்று எது?" என்று கேளுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் புரையிடத்தில் கொடி ஏற்றக் கூடிய மரங்கள் எத்தனை? எந்தெந்த மரங்கள்?

2. உங்கள் ஊரில் மிளகு பறிக்கும் வேலையை யார் செய்கிறார்கள்? கொடி தாழ்வாக இருந்தால் யாரெல்லாம் பறிக்க முடியும்?

3. ஓடுகொடி, ஏறுகொடி, பக்கக்கிளை மூன்றையும் ஒரு கொடியில் தொட்டுக் காட்டுங்கள்.